ஸ்டைனா, ஷ்டைனா? கூரான கல்லில் இடறின கதை

ஐன்ஸ்டீன், ஐன்ஸ்டைன், ஐன்ஷ்டைன். இந்த மூணு விதமாவும் தமிழ்ல எழுதிப் பார்த்திருக்கேன். முதல்து இங்கிலீஷ் வழியா வந்து நம்ம பாடப்புத்தகத்துல உக்காந்துக்கிட்டது. மூணாவதுதான் ஜெர்மன் உச்சரிப்புன்னு ஜெர்மன் கத்துக்கிட்ட யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. "சொல்லோட ஆரம்பத்துல எஸ்-டி, எஸ்-பி வந்தா ஷ்ட, ஷ்ப" - இது ஜெர்மன் வகுப்புல முதல் வாரத்துப் பாடம். ஸ்டைன் (கல்) இல்லை, ஷ்டைன். ஸ்ட்ராஸெ (தெரு) இல்லை, ஷ்ட்ராஸெ. ஸ்டுட்கார்ட் இல்லை, ஷ்டுட்கார்ட்.

சரி, மனப்பாடம் பண்ணிக்கலாம். ஆனா ரெண்டு வாரம் போனா இன்னொண்ணு கண்ணுல படும். பனிக்கு ஷ்னே. அதை எழுதும்போது எஸ், சி, ஹெச்னு மூணு எழுத்து போட்டு 'ஷ்'ஷுன்னு தெளிவா எழுதறாங்க. பாம்புக்கு ஷ்லாங்ஙெ, அதுக்கும் அந்த மூணு எழுத்து. பன்றிக்கு ஷ்வைன், அதுக்கும் அதே. கல்லுக்கு மட்டும் வெறும் எஸ். எல்லாத்துக்கும் வாயில வர்றது ஒரே 'ஷ்'தான். அப்புறம் ஏன் இந்த ஓரவஞ்சனை?

வாத்தியாருங்க "அது அப்படித்தான்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. மொழி வகுப்புல வரலாறு பேச நேரமிருக்காது, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. நான் வேலை விஷயமா வடக்கு ஜெர்மனியில, ப்ரேமன் பக்கத்துல கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே வயசான சிலபேர் "ஸ்-டைன்", "ஸ்-பிட்ஸ்"னு எஸ்ஸை எஸ்ஸாவே சொல்றதைக் கேட்டதும், இது வெறும் இலக்கண விதி இல்லை, பின்னாடி ஒரு பெரிய கதை இருக்குன்னு புரிஞ்சது. அப்போலேர்ந்து தேடிப் படிச்சதுதான் இது. கொஞ்சம் நீளம், காபி போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க :-)

(முன்குறிப்பு: ஜெர்மன் ஒலியைத் தமிழ் எழுத்துல முழுசாப் பிடிக்க முடியாது. 'ஹ்'னு நான் எழுதற இடத்துல தொண்டையை லேசா உரசிக்கோங்க. அதைப் பத்திக் கடைசியில வர்றேன்.)

மொதல்ல மிளகுலேர்ந்து ஆரம்பிக்கலாம். வடமொழியில பிப்பலி. நம்ம திப்பிலியும் அதே குடும்பத்துச் சொல்தான். இது கிரேக்கத்துல பெபெரி, லத்தீன்ல பிபெர்னு ஆகி, ரோமானியர்களோட வடக்கே போனது. இங்கிலீஷ்ல பெப்பர். வடக்கு ஜெர்மன் கடற்கரைப் பேச்சுல பேப்பெர். படிச்ச ஜெர்மன்ல? ப்ஃபெஃபர். ஒரே சொல்லுல இருந்த ரெண்டு 'ப'வும் மாறிப்போச்சு. முதல்ல இருந்தது 'ப்ஃ' ஆச்சு, நடுவுல இருந்தது 'ஃப்' ஆச்சு.

இது மிளகுக்கு மட்டும் நடந்தது இல்லை. இங்கிலீஷ் ஆப்பிள் ஜெர்மன்ல அப்ஃபெல். பவுண்ட், ப்ஃபுண்ட். ஷிப், ஷிஃப். வாட்டர், வாஸெர். டென், ட்ஸேன். டூ, ட்ஸ்வை. மேக், மாஹென். ப, ட, க மூணும் வரிசையா மாறியிருக்கு. ப போய் ப்ஃ அல்லது ஃப். ட போய் ட்ஸ் அல்லது ஸ். க போய் அந்தத் தொண்டை உரசும் ஹ். ஜெர்மன்ல நம்மளைத் திணறடிக்கிற மெய்க்கூட்டங்கள்ல பாதி இந்த ஒரு மாற்றத்தோட பிள்ளைங்கதான்.

இதை வரிசைப்படுத்தி எழுதினவர் யாக்கோப் க்ரிம். ஆமா, நாம எல்லாரும் படிச்ச தேவதைக் கதைகளோட அதே க்ரிம் சகோதரர்கள்ல மூத்தவர். 1812ல கதைத் தொகுப்பு. பத்து வருஷம் கழிச்சு, 1822ல வந்த ஜெர்மன் இலக்கணத்தோட ரெண்டாம் பதிப்புல இந்த ஒலிப் பெயர்ச்சி விதிகள். டென்மார்க்கோட ராஸ்க் 1818லயே இதுல ஒரு பகுதியைப் பார்த்துட்டார்ங்கறது தனிக் கதை.

எப்போ நடந்தது? தோராயமா கி.பி. 500லேர்ந்து 800க்குள்ள. இதுக்கு ஒரு அழகான சாட்சி இருக்கு. ஹூணர்களோட அரசன் அட்டிலா செத்தது 453ல. ஜெர்மானியப் பாட்டுக் கதைகள் அவனைச் சுமந்துக்கிட்டே வந்தது. 1200 வாக்குல நீபெலுங்கென் காவியமா எழுதி முடிக்கறப்ப அவன் பேர் எட்ஸெல். அதாவது அவன் பேர் ஜனங்க வாயில இருந்தப்பதான் 'ட்ட' 'ட்ஸ' ஆயிருக்கு. ரோமானியர்கள் டூரிகும்னு சொன்ன ஊர்தான் இன்னைய ட்ஸ்யூரிஹ் - நம்ம ஜூரிச். இந்த மாற்றமெல்லாம் முடிஞ்ச பிறகு வந்த சொற்களுக்குப் பாதிப்பு இல்லை. காகிதத்துக்கு பபீர்தான், ப்ஃபபீர் இல்லை. தாமதமா வந்ததால தப்பிச்சது.

இப்போ கல்லுக்கு வர்றேன். இங்கிலீஷ் ஸ்டோன். ட எல்லாம் ட்ஸ் ஆச்சுன்னா இது 'ஸ்ட்ஸைன்'னு ஆகியிருக்கணும் இல்லையா? ஆகலை. முன்னாடி 'ஸ்' இருந்தா ட, ப, க மூணும் அசையவே இல்லை. அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்ட தம்பி மாதிரி. லத்தீன் ஸ்ட்ராடா ஜெர்மன்ல வந்தும் அந்த 'ஸ்ட்' அப்படியே நின்னுச்சு. இந்த எஸ்-டி, எஸ்-பி ஜோடி மொதல்லேர்ந்தே தனி ரகம்.

ஒலிப் பெயர்ச்சி தெக்கே, ஆல்ப்ஸ் மலைப் பக்கத்துல ஆழமா நடந்தது. வடக்கே வர வர வலு குறைஞ்சு, கடற்கரைச் சமவெளிக்கு வந்து சேரவே இல்லை. அதனாலதான் வடக்கு ஜெர்மன் இங்கிலீஷ் மாதிரியே இருக்கும். வாட்டெர், அப்பெல், மாகென், டைன், ட்வே. தெக்கே மலைநாடு, அதனால அது 'மேல்' ஜெர்மன். வடக்கே தாழ்ந்த சமவெளி, அதனால 'தாழ்' ஜெர்மன். இது நிலத்தோட உயரம், மொழியோட தரம் இல்லை. மேல்னா உசத்தி, தாழ்னா மட்டம்னு ஜெர்மன்காரங்களே பலபேர் நினைச்சுக்கறாங்க, அதுதான் கொடுமை.

இந்த எல்லையைத் தேடிக் கிளம்பினவர் கேயோர்க் வெங்கெர். ட்யூஸெல்டோர்ஃபில் பிறந்தவர். 1876ல தன் ஊரைச் சுத்தி இருந்த கிராமத்து வாத்தியாருங்களுக்கு ஒரு தாள் அனுப்பினார். சில சாதாரண வாக்கியங்கள், இதையெல்லாம் உங்க ஊர்ப் பேச்சுல எப்படிச் சொல்வாங்கன்னு எழுதி அனுப்புங்கன்னார். அது வளர்ந்து வளர்ந்து ஜெர்மன் பேரரசு முழுக்க 40,000க்கும் மேற்பட்ட பள்ளிக்கூடங்கள்லேர்ந்து பதில் வந்து குவிஞ்சது. ஆள் ஓய்ஞ்சுட்டார். 1911ல அவர் இறக்கறவரைக்கும் வரைபடம் வரைஞ்சுக்கிட்டே இருந்தார். மார்புர்க் பல்கலைக்கழகத்துல அந்தத் தாள்களெல்லாம் இருக்கு.

வெங்கெர் ஆரம்பிக்கறப்ப மேல் ஜெர்மனுக்கும் தாழ் ஜெர்மனுக்கும் கத்தி வெச்சு வெட்டின மாதிரி ஒரு கோடு கிடைக்கும்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. கிடைச்சது வேற. மாகென் - மாஹென் கோடு பென்ராட்ங்கற இடத்துல ரைன் ஆத்தைக் கடக்குது. இக் - இஹ் ('நான்') கோடு அதுக்கு வடக்கே, இயூர்டிங்ஙென்ல கடக்குது. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கறவங்க 'இஹ்'ஹுன்னு தெக்கத்தி மாதிரி ஆரம்பிச்சு 'மாகென்'னு வடக்கத்தி மாதிரி முடிப்பாங்க. வெங்கெரோட சொந்த ஊரே அந்தச் சந்துலதான் இருக்கு! ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு எல்லை. மொழி எல்லைங்கறது வேலி இல்லை, கடலோரத்து ஈரம் மாதிரி. எங்க முடியுதுன்னு காலடி வெச்சுச் சொல்ல முடியாது.

இப்போ ரெண்டாவது மாற்றம். இதுதான் நம்ம கேள்விக்கு நேர் பதில்.

பழைய ஜெர்மன்ல 'ஷ்'ஷே கிடையாது. மீனுக்கு ஃபிஸ்க், கப்பலுக்கு ஸ்கிஃப். 11ஆம் நூற்றாண்டு வாக்குல இந்த 'ஸ்க்' கரைஞ்சு 'ஷ்' ஆச்சு. ஃபிஷ், ஷிஃப். எஸ்-சி-ஹெச்ங்கற அந்த நீட்டி முழக்கின எழுத்து வந்த வழி இதுதான். அடுத்த சில நூற்றாண்டுகள்ல, தெக்கே, ஒரு மெய்க்கு முன்னாடி வர்ற எஸ்ஸும் 'ஷ்' ஆக ஆரம்பிச்சது. ஸ்லாங்ஙெ ஷ்லாங்ஙெ ஆச்சு. ஸ்னே ஷ்னே ஆச்சு. ஸ்மால், ஷ்மால். ஸ்வீன், ஷ்வைன். கூடவே ஸ்டைனும் ஷ்டைன் ஆச்சு, எஸ்-பியும் ஷ்ப ஆச்சு.

வாயில எல்லாம் ஒண்ணா மாறிடுச்சு. எழுத்துல? 15, 16ஆம் நூற்றாண்டுகள்ல எழுத்தர்களும் அச்சகக்காரங்களும் மொதல் நாலையும் புது உச்சரிப்புக்குத் தகுந்த மாதிரி எஸ்-சி-ஹெச் போட்டு எழுத ஆரம்பிச்சாங்க. எஸ்-டி, எஸ்-பி ரெண்டையும் பழையபடியே விட்டுட்டாங்க. அங்கே 'ஷ்' தானா வரும்னு தெக்கத்திக்காரனுக்குத் தெரியும், எழுதிக் காட்டணும்னு அவசியம் இல்லை. நாமகூட 'பசு', 'பச்சை', 'பஞ்சு' மூணுலயும் ஒரே ச-வைத்தான் போடறோம். மூணும் வேற வேற ஒலி. தமிழனுக்கு யாராவது சொல்லித் தரணுமா? பக்கத்து எழுத்தைப் பார்த்து வாய் தானா மாத்திக்கும்.

சிக்கல் எப்போ வரும்னா, அந்த எழுத்தை வெளியாள் படிக்கறப்ப. வெளியாளாப் படிச்சவங்க வெள்ளைக்காரனோ நாமளோ இல்லை. வடக்கு ஜெர்மன்காரங்க!

கொஞ்சம் பின்னாடி போகணும். 14, 15ஆம் நூற்றாண்டுகள்ல தாழ் ஜெர்மன் ஒண்ணும் நாட்டுப்புறப் பேச்சு இல்லை. லூபெக், ஹாம்புர்க், ப்ரேமன், ரோஸ்டாக்னு வணிக நகரங்கள் சேர்ந்து ஹான்ஸான்னு ஒரு கூட்டு வெச்சிருந்தாங்க. லண்டன், ப்ரூக்ஸ், பெர்கன், ரஷ்யாவோட நோவ்கோரொட் வரைக்கும் கிட்டங்கி. ஒப்பந்தம், கணக்கு, சட்டம், கடுதாசி எல்லாம் தாழ் ஜெர்மன்ல. ஸ்வீடிஷ், டேனிஷ் மொழிகள்ல இன்னைக்கும் அந்தச் சொற்கள் கொத்துக் கொத்தா இருக்கு. பால்டிக் கடலோட நாகப்பட்டினம் பாஷைன்னு வெச்சுக்கோங்களேன்.

அப்புறம் ஹான்ஸா சரிஞ்சது. கடல் வழிகள் மாறிச்சு, டச்சுக்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் வந்தாங்க, அதிகாரம் தெக்கே இருந்த அரசவைகளுக்குப் போச்சு. லூதர் 1522ல புதிய ஏற்பாட்டையும், 1534ல முழு பைபிளையும் கிழக்கு - நடு ஜெர்மன் பகுதியோட மேல் ஜெர்மன்ல கொண்டுவந்தார். வேடிக்கை என்னன்னா, அதே பைபிளோட தாழ் ஜெர்மன் வடிவம் லூதரோட முழுப் பதிப்புக்குச் சில மாசம் முன்னாடியே லூபெக்ல அச்சாயிடுச்சு. லூதரோட நண்பர் பூகென்ஹாகென் மேற்பார்வையில வந்தது. ஆரம்பத்துல ரெண்டும் கூடவே ஓடிச்சு. ஆனா ஒரு நூறு வருஷத்துக்குள்ள சபையில, நீதிமன்றத்துல, பள்ளிக்கூடத்துல எல்லாம் மேல் ஜெர்மன் வந்து உக்காந்தாச்சு. ஹான்ஸாவோட கடைசிக் கூட்டம் 1669ல நடந்தப்ப, அந்த மொழி எழுத்துலேர்ந்து ஏறக்குறைய காணாமப் போயிருந்தது. வீட்டுல, படகுல, சந்தையில மட்டும் மிச்சம்.

ஆக வடக்கத்திக்காரங்களுக்கு மேல் ஜெர்மன் தாய்மொழி இல்லை. புத்தகத்துலேர்ந்து படிச்சுக் கத்துக்கிட்ட மொழி. புத்தகத்துலேர்ந்து கத்துக்கறவன் என்ன பண்ணுவான்? எழுத்துக்கு எழுத்து படிப்பான். அவங்க வீட்டுப் பேச்சுல பனி ஸ்னே, பன்றி ஸ்வீன், கல் ஸ்டேன், தூங்கறது ஸ்லாபென். புத்தகத்துல ஷ்னே, ஷ்வைன்னு எஸ்-சி-ஹெச் போட்டிருந்தது, அதைப் பார்த்து 'ஷ்' சொன்னாங்க. எஸ்-டின்னு போட்டிருந்தது, அதைப் பார்த்து 'ஸ்ட்' சொன்னாங்க. என்னைக் கேட்டா, அவங்க கண்ணால கத்துக்கிட்டாங்கங்கறதுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஷ்னேன்னு சொல்ற வாய்க்கு ஷ்டைன்னு சொல்ல என்ன கஷ்டம்? கஷ்டம் இல்லை, புத்தகத்துல அப்படிப் போடலை, அவ்ளோதான்.

இதுல ஒரு திருப்பம். இப்படி எழுத்துக்கு எழுத்து படிச்ச வடக்கத்தி உச்சரிப்பு நாளாவட்டத்துல 'சுத்தமான ஜெர்மன்'னு பேர் வாங்கிடுச்சு. தெக்கத்திக்காரன் தன் வட்டார வழக்கைக் கலந்து பேசுவான், வடக்கத்திக்காரன் புத்தகம் மாதிரி பேசுவான். ஹனோவர்லதான் நல்ல ஜெர்மன் பேசறாங்கன்னு இன்னைக்கும் சொல்வாங்க. ஹனோவர் தாழ் ஜெர்மன் பூமி! தன் மொழியைத் தொலைச்ச ஊருக்கு அடுத்தவங்க மொழியில முதல் மார்க்.

அப்போ தெக்கே இருந்தவங்க, அந்த எழுத்தையே உண்டாக்கினவங்க? கேதேவையே எடுத்துக்கோங்க. ஃப்ராங்க்ஃபுர்ட்காரர். 'ஃபௌஸ்ட்'ல க்ரெட்ஷென் மாதாகிட்ட வேண்டிக்கற இடத்துல, ஜி வர்ற ஒரு சொல்லையும் சி-ஹெச் வர்ற ஒரு சொல்லையும் எதுகையாப் போட்டிருக்கார். புத்தக உச்சரிப்புல அது ஒட்டாது. ஃப்ராங்க்ஃபுர்ட் வாயில ரெண்டும் ஒண்ணு, கச்சிதமா ஒட்டும். இத்தனைக்கும் இவர் 1791லேர்ந்து வைமார் அரசவை நாடக அரங்கை நடத்தினவர். நடிகர்களுக்கு அவர் வகுத்த விதிகள்ல முதல் விதியே மேடையில வட்டார வழக்கு கூடாதுங்கறதுதான். ஊருக்கு உபதேசம் :-)

நாடக மேடையிலதான் இந்தக் கணக்கு தீர்ந்தது. 19ஆம் நூற்றாண்டுல நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராப் போகும். ராஜா வியன்னாக்காரர், ராணி ஹாம்புர்க், சேவகன் சாக்ஸனி. ஆளுக்கு ஒரு உச்சரிப்புல வசனம் பேசினா சோக நாடகம் நகைச்சுவை ஆயிடும். எழுத்துக்கு 1876லயே பெர்லின்ல ஒரு மாநாடு நடத்திப் பார்த்தாங்க, 1901ல ரெண்டாவது மாநாட்டுல ஒரு வழியா முடிவு பண்ணினாங்க. பேச்சுக்கு அப்படி எதுவும் இல்லை. 1898 ஏப்ரல்ல பெர்லின்ல ஆறு பேர் உக்காந்து பேசினாங்க. மூணு பேர் நாடக அரங்கு நிர்வாகிகள், மூணு பேர் பேராசிரியர்கள். பேராசிரியர்கள் லைப்ட்ஸிஹ் (நம்ம லீப்சிக்) நகரத்தோட ஸீஃபெர்ஸ், க்ராட்ஸ் நகரத்தோட லூயிக், க்ரைஃப்ஸ்வால்டோட தியோடோர் ஸீப்ஸ். ஸீப்ஸ்தான் இயந்திரம். அந்த வருஷமே 'ஜெர்மன் மேடை உச்சரிப்பு'ங்கற புத்தகம் வந்தது. ஸ்விட்ஸர்லாந்துலேர்ந்தும் பவேரியாவுலேர்ந்தும் ஒருத்தர்கூட இல்லை அந்த ஆறு பேர்ல.

ஸீப்ஸ் ப்ரேமன்ல பிறந்தவர், வடக்கத்தி. முடிவுகளும் பெரும்பாலும் வடக்கத்தி வாய்க்குச் சாதகம்தான். எழுத்துல எப்படி இருக்கோ அப்படி. ஆனா எஸ்-டி, எஸ்-பிக்கு வந்தப்ப மட்டும் தெக்கே சாய்ஞ்சுட்டாங்க. சொல்லோட ஆரம்பத்துல ஷ்ட, ஷ்ப. நாட்டுல பெரும்பாலானவங்க அப்படித்தான் சொன்னாங்க, வேற வழியும் இல்லை. அதையும் முழுசாக் கொடுக்கலை. ஷ்வாபியாவுலயும் ஸ்விட்ஸர்லாந்துலயும் சொல்லோட நடுவுல, கடைசியிலகூட 'ஷ்ட்'தான். திருவிழாவுக்கு ஃபெஷ்ட்னு சொல்வாங்க. அது கூடாது, ஃபெஸ்ட்தான்னு வெச்சாங்க. ஆக இன்னைக்கு நாம மனப்பாடம் பண்ற 'ஆரம்பத்துல ஷ்ட, நடுவுல ஸ்ட' விதி ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்பு. ஆரம்பம் உனக்கு, மிச்சம் எனக்கு.

கடைசியில 'இக்'னு முடியற சொற்களுக்கு வடக்கத்தி 'இஹ்' ஜெயிச்சது. ராஜா கோனிஹ், இருபது ட்ஸ்வான்ட்ஸிஹ். தெக்கேயும் ஆஸ்திரியாவுலயும் இன்னைக்கும் கோனிக்தான், கேட்டா "எழுதியிருக்கறதைத்தானே சொல்றோம்"பாங்க. நியாயம்தான்! இந்த ஒரு இடத்துல எழுத்துக்கு விசுவாசம் தெக்கே இருக்கு.

மேடைக்குன்னு எழுதின புத்தகம் பள்ளிக்கூடத்துக்குள்ள நுழைஞ்சது. 1922 பதிப்புலயே தலைப்போட 'உயர் மொழி'ன்னும் சேர்ந்துக்கிச்சு. அப்புறம் வானொலி வந்தது. நடிகனுக்கு வெச்ச விதி குழந்தைகளுக்கு வந்து சேர்ந்தது.

ஹாம்புர்க், ப்ரேமன் ஜனங்களோட 'ஸ்-டைன்' அப்போலேர்ந்து கேலிப் பொருள். 'கூரான கல்லுல இடறி விழறவன்'னு அவங்களுக்கு ஒரு பட்டப்பேரே உண்டு. கூரான கல்லுங்கறதுல எஸ்-பியும் வருது, எஸ்-டியும் வருது, அதான் கிண்டல். 1974லேர்ந்து 1982 வரைக்கும் மேற்கு ஜெர்மனியோட சான்ஸலரா இருந்த ஹெல்முட் ஷ்மிட் ஹாம்புர்க்காரர். அவர் அந்த 'ஸ்-ட'வை விடவே இல்லை. 2015ல இறக்கறவரைக்கும் தொலைக்காட்சியில சிகரெட்டும் கையுமா அதே உச்சரிப்புதான். அவர் சொன்னா கம்பீரம், மீன் கடைக்காரர் சொன்னா பட்டிக்காடு.

எனக்கு வீடு வாடகைக்குக் கொடுத்த அம்மாவுக்கு அப்போ எழுபது தாண்டியிருக்கும். அவங்க தன் அக்காகிட்ட ஃபோன்ல பேசறது மட்டும் தாழ் ஜெர்மன். பிள்ளைங்ககிட்ட பேசினதே இல்லையாம். ஏன்னு கேட்டேன். "பள்ளிக்கூடத்துல பின்தங்கிடுவாங்கன்னு சொன்னாங்க, எல்லா வீட்டுலயும் நிறுத்திட்டோம்"னாங்க. அவங்க சொன்னது அவங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வந்த தலைமுறையில வடக்கு முழுக்க இதுதான் நடந்தது. 1999லேர்ந்து தாழ் ஜெர்மன் ஐரோப்பிய வட்டார மொழிகள் சாசனத்துப்படி பாதுகாக்கப்பட்ட மொழி. பள்ளிக்கூடங்கள்ல பாடமா வருது, வானொலியில செய்தி வாசிக்கறாங்க. பேரன் பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டு வந்து பாட்டிகிட்ட பேசறான், நடுவுல இருக்கற அப்பாவுக்குப் புரியலை.

சரி, உச்சரிப்பு பத்திச் சொல்றேன்னு சொன்னேனே. நம்ம நாக்குக்கு எது சுலபம், எது கஷ்டம்?

தமிழ்ல சொல்லோட ஆரம்பத்துல ரெண்டு மெய் சேர்ந்து வராது, தொல்காப்பியக் காலத்துலேர்ந்தே அப்படித்தான். அதனாலதான் ஸ்கூல் நமக்கு இஸ்கூல். ஆனா நடுவுல மூணு மெய்கூட அசால்ட்டா வரும். வாழ்க்கை, பார்த்தான். ஜெர்மன்ல ஆரம்பம், நடு, கடைசின்னு எங்கே வேணா மூட்டை கட்டுவாங்க. பயத்துல வர்ற வியர்வைக்கு அங்ஸ்ட்ஷ்வைஸ்னு ஒரு சொல். அதுல நடுவுல எட்டு மெய்யெழுத்து ரோமன்ல வரிசையா நிக்கும். பார்த்தா மயக்கம் வரும். காதால கேட்டா அஞ்சே ஒலி: ங், ஸ், ட், ஷ், வ். அதுவும் அங்ஸ்ட், ஷ்வைஸ்னு ரெண்டு சொல் ஒட்டினதுதான். ஒட்டின இடம் தெரிஞ்சா வாய் தானா பிரிச்சுக்கும். நடுவுல 'உ', 'இ' சேர்க்காம இருந்தாப் போதும்.

என்-ஜி வர்ற இடத்துல ஜெர்மன்காரங்க 'க'வே சொல்ல மாட்டாங்க. விரலுக்கு ஃபிங்கர் இல்லை, ஃபிங்ஙர். இங்கிலீஷ்காரனுக்கு இது தகராறு, நமக்கு அங்ஙனம், இங்ஙனம்னு ரெடிமேடா இருக்கு. கே-என் வந்தா ரெண்டையும் சொல்லணும். முழங்காலுக்கு க்னீ. இங்கிலீஷ்காரங்களும் ஒரு காலத்துல அந்த 'க்'கைச் சொன்னவங்கதான், விட்டுட்டாங்க.

சி-ஹெச்தான் எல்லாருக்கும் பேய். அ, ஒ, உ-வுக்கு அப்புறம் வந்தா தொண்டையிலேர்ந்து: புத்தகம் பூஹ். இ, எ-க்கு அப்புறம் வந்தா முன்னாடி, அண்ணத்துலேர்ந்து: 'ஹியூமர்'னு சொல்றப்ப வர்ற முதல் ஒலி. பின்னாடி எஸ் வந்தா வெறும் 'க்ஸ்': நரி ஃபுக்ஸ். நம்ம ச மாதிரியே பக்கத்து எழுத்தைப் பார்த்து நிறம் மாறும். பி-எஃப் கூட்டம் வந்தா உதட்டை மூடி 'ப்'புக்குத் தயாராகி 'ஃப்'ன்னு விடணும். குதிரைக்கு ப்ஃபேர்ட். கஷ்டமா இருந்தா கவலை வேண்டாம். அந்த ஒலியே இல்லாத வடக்கத்திக்காரங்க, அதாவது 'சுத்தமான ஜெர்மன்' பேசறவங்க, இன்னைக்கும் பேச்சுவாக்குல ஃபேர்ட்னுதான் சொல்றாங்க.

ஜெர்மன்லேர்ந்து தமிழுக்கு வந்து ரொம்ப நாளா இருக்கற பேர் ஒண்ணு இருக்கு. 1706ல தரங்கம்பாடியில வந்து இறங்கினவர். சாக்ஸனிப் பக்கத்துக்காரர், புல்ஸ்னிட்ஸ்ல பிறந்தவர். அவர் பேரோட ஆரம்பம் அந்த 'ட்ஸ்'. ட்ஸீகென்பால்க்னு வரணும். தமிழ் நாக்கு 'ட்ஸ்'ஸை ச ஆக்கி, கடைசி 'க்'குக்கு ஒரு உகரமும் கொடுத்து, சீகன்பால்குன்னு ஆக்கி வெச்சிருக்கு. எனக்கென்னவோ இதுல மாத்த ஒண்ணும் இல்லைன்னுதான் தோணுது. டூரிகும் ட்ஸ்யூரிஹ் ஆகலாம்னா ட்ஸீகென்பால்க் சீகன்பால்கு ஆகலாம்.

இன்னொரு பக்கம், 1983க்கு அப்புறம் ஈழத்துலேர்ந்து போய் ஸ்விட்ஸர்லாந்துல வேரூன்றின தமிழர்கள் இருக்காங்க. அவங்க பிள்ளைங்க தெருவுல பேசறது ஸீப்ஸ் புத்தகத்துல இல்லாத ஜெர்மன். அங்கே ஒலிப் பெயர்ச்சி கடைசிப் படி வரைக்கும் போனது. சொல்லோட ஆரம்பத்துல வர்ற 'க'கூட ஹ் ஆயிடும். குழந்தைக்கு கிண்ட் இல்லை, ஹிண்ட். அண்ணத்து ஹ், தொண்டை ஹ்னு பேதமும் கிடையாது, எல்லாம் தொண்டைதான். சமையலறை அலமாரிக்கு ஹுஹ்ஹிஹெஷ்ட்லின்னு ஒரு சொல், வெளியூர்க்காரன் வந்தா சொல்லச் சொல்லி மடக்கறது அங்கே வழக்கம். மூணு ஹ், நடுவுல ஸீப்ஸ் கூடாதுன்ன ஷ்ட். ட்ஸ்யூரிஹ்ல யாழ்ப்பாணத்து வீடு ஒண்ணுக்குப் போயிருந்தப்ப எட்டு வயசுப் பொண்ணு ஒருத்தி அதை மூணு தடவை மூச்சு விடாமச் சொல்லிக் காட்டிட்டு, "மாமா, இப்ப நீங்க சொல்லுங்கோ பாப்பம்" எண்டாள்.